வரிசையில் ஒரு ராத்திரி, மேட்டில் ஒரு சாயங்காலம்

விம்பிள்டன் டிக்கெட்டெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று யாராவது ஆரம்பித்தால் நான் உடனே குறுக்கே பேசிவிடுவேன். கிடைக்கும். டிக்கெட் குலுக்கலில் பெயர் வரவில்லையா, பரவாயில்லை, வரிசையில் போய் நில்லுங்கள். அன்றைக்கு அன்றைக்கே வந்து நின்று நல்ல இருக்கையை வாசலில் வாங்க முடிகிற பெரிய விளையாட்டுப் போட்டிகள் இன்று எத்தனை மிச்சமிருக்கின்றன? இங்கே சென்டர் கோர்ட், முதலாம் கோர்ட், இரண்டாம் கோர்ட் மூன்றுக்கும் தினமும் தலா 500 டிக்கெட் வரிசையில் நிற்பவர்களுக்கென்றே எடுத்து வைக்கிறார்கள். கடைசி சில நாட்களில் சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் அது கிடையாது. அது போக, வெளிக் கோர்ட்டுகளைச் சுற்றி வருவதற்கான மைதான டிக்கெட் ஆயிரக்கணக்கில் விற்கும்.

2024 ஜூலையில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியவரை டென்டில் படுக்க வைக்கப் போகிறாயா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் முதலில் ஆசைப்பட்டது அவர்தான். அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது, 1961ல், நம் இந்திய வீரர் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் காலிறுதியில் ராய் எமர்சனை வீழ்த்திய செய்தியை அவருடைய அப்பா பேப்பரைப் பிடித்து உரக்கப் படித்தாராம். அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றதை மட்டும் படிக்காமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டாராம். அதற்கு முந்தின வருடமும் கிருஷ்ணன் அரையிறுதி வரை வந்து நீல் ஃப்ரேசரிடம் தோற்றார். இரண்டு வருடமும் அவரைத் தோற்கடித்தவர்தான் கோப்பையைத் தூக்கினார். இந்தக் கதையை எங்கள் வீட்டில் சித்தப்பா சொல்லிக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. நான் டென்னிஸ் பார்க்க ஆரம்பித்ததே அந்தக் கதைக்குப் பிறகுதான்.

சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு விம்பிள்டன் பார்க்குக்கு நடந்தோம். புதன்கிழமை. பகலில் மழை வந்து ஆட்டங்களைக் கெடுத்திருந்தது, பார்க்கில் புல் இன்னும் சொதசொதவென்றுதான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு கொடி தெரியும், அதன் அருகில்தான் வரிசையின் வால். அங்கே வரிசையைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டூவர்டு ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பார், அதில் தேதியும் உங்கள் எண்ணும் இருக்கும். எங்களுக்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். இந்த அட்டையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, வராத ஆளுக்காக இடம் பிடித்து வைக்க முடியாது. எழுந்து போனால் அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். டென்டில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, ராத்திரி பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது. பணக்காரர், ஏழை, பெரிய ஆள், சின்ன ஆள் என்ற பேச்சே இல்லாமல் அந்த எண் ஒன்றுதான் உங்கள் அடையாளம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பக்கத்து டென்டில் ஒரு அம்மா, சித்தப்பா வயதுதான் இருக்கும், தனியாக வந்திருந்தார். மடக்கு நாற்காலி, கம்பளி, ஃபிளாஸ்க் எல்லாம் அதனதன் இடத்தில். வருடாவருடம் வருபவர் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் கேட்காமலே 2001ஐப் பற்றி ஆரம்பித்தார். அவர் பிரிட்டிஷ் வீரர் டிம் ஹென்மனின் ரசிகை. அந்த வருட அரையிறுதியில் ஹென்மன் மூன்றாவது செட்டை 6-0 என்று எடுத்து முன்னால் இருக்கும்போது மழை வந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது, கோரான் இவானிசெவிச் ஜெயித்துவிட்டார். இவானிசெவிச் 1992, 1994, 1998 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றவர். அந்த வருடம் தரவரிசையில் 125ஆம் இடத்தில், வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில், உள்ளே வந்தவர். மழையால் இறுதி ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போனது, அன்றைக்கு சுமார் 10,000 டிக்கெட்டை முன்னால் வருபவர்களுக்கு என்று விற்றார்கள். தன் ஆள் தோற்ற கையோடு இந்த அம்மா அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார். ஹென்மனைத் தோற்கடித்தவன் இந்தத் தடவையாவது ஜெயித்தாக வேண்டும் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனதாம். ஐந்தாவது செட் 9-7. எதிரில் ஆஸ்திரேலியாவின் பாட்ரிக் ராஃப்டர். ஒரு பக்கம் குரோஷியக் கொடி, மறுபக்கம் ஆஸ்திரேலியக் கொடி, சென்டர் கோர்ட்டில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை என்றார்.

சித்தப்பா பதிலுக்கு கிருஷ்ணன் கதையைச் சொன்னார், நான் நடுவில் மொழிபெயர்த்தேன். பேப்பரை மடித்து வைத்த இடம் வந்தபோது அந்த அம்மா சித்தப்பாவின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

தூக்கம் சரியாக வரவில்லை. தரை குளிர்ந்தது, தூரத்தில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ஸ்டூவர்டுகள் வந்து டென்டுகளைத் தட்டி எழுப்பினார்கள். எல்லோரும் மடமடவென்று மடித்துச் சுருட்டி, சாமான்களைக் காப்பறையில் போட்டுவிட்டு, நெருக்கமான வரிசையில் வந்து நின்றோம். அப்புறம் கையில் கட்டும் பட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே சென்டர் கோர்ட் தீர்ந்துவிட்டது, முதலாம் கோர்ட்டும் தீர்ந்துவிட்டது. இரண்டாம் கோர்ட் தரவா என்றார்கள். சித்தப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "வேண்டாம், ஒரே இடத்தில் உட்கார இவ்வளவு தூரம் வரவில்லை, சுற்றலாம் வா" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவர் எடுத்த முடிவுதான் சரி. முதல் தடவை போகிறவர்களுக்கு, அதிலும் முதல் வாரத்தில் போகிறவர்களுக்கு, நான் இப்போது அதையே சொல்கிறேன். அந்த வருடம் ஆளுக்கு 30 பவுண்டு மைதான டிக்கெட், காலை முதல் இரவு வரை கால் வலிக்கும் அளவு டென்னிஸ்.

ஏன் என்றால் டிவியில் தெரியாதது அங்கேதான் தெரிகிறது. ஒரு வெளிக் கோர்ட்டில் பெண்கள் இரட்டையர் ஆட்டம் நடந்தது, ஓரத்தில் முதல் வரிசை பெஞ்சில் இடம் கிடைத்தது, பக்கக் கோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் சில அடிகள்தான் இருக்கும். புல்லை எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே பச்சைத் துணி விரித்த மாதிரி இருப்பது, பக்கத்தில் போனால் தனித்தனி இலையாகத் தெரிகிறது. நான்காவது நாள் என்பதால் பின்கோட்டை ஒட்டிக் கால் அழுந்தும் இடங்களில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பந்து தரையில் விழும்போது கடினத் தரை மாதிரி 'டப்' என்ற சத்தமே வராது. ஒரு அமுங்கின சத்தம், உடனே வழுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழேயே ஓடிவிடும். பந்தை அடியில் சீவி ஸ்லைஸ் போட்டால் எழும்பவே எழும்பாது. எதிரில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட உட்கார்ந்து எழுந்துதான் அடித்தாள், ராக்கெட் நுனி புல்லை உரசியதைக் கண்ணால் பார்த்தோம். ஷூவின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முட்கள், திரும்பும்போது ஒரு கீச்சுச் சத்தம். அவர்கள் இருவரும் வாயை மறைத்துக்கொண்டு எந்தப் பக்கம் சர்வ் போடுவது என்று குசுகுசுத்ததுகூட பாதி காதில் விழுந்தது.

எங்களுக்கு நேர் எதிரே ஒரு லைன் ஜட்ஜ், முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வெளியே போனதும் அடித் தொண்டையில் இருந்து ஒரு 'அவுட்', கை பக்கவாட்டில் விறைத்து நீளும். 2024தான் அவர்களுக்குக் கடைசி வருடம் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. 2025 முதல் எல்லாக் கோர்ட்டிலும் எலெக்ட்ரானிக் கருவிதான் சொல்கிறது, 1877 முதல் நடக்கும் போட்டியில் மனிதக் கண் போய்விட்டது. கருவி பெரும்பாலும் துல்லியமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 2025லேயே சென்டர் கோர்ட்டில் ஒரு ஆட்டத்தின் நடுவில் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டு, வெளியே போன பந்துக்கு யாரும் ஒன்றும் சொல்லாமல் நின்றதைப் பார்த்தபோது, எனக்கு அந்தக் குனிந்த முதுகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு ஆளாவது அங்கே இருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

மத்தியானம் பதினெட்டாம் கோர்ட்டுக்குப் போனோம். 2010ல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் மூன்று நாள் ஆடிய இடம். 11 மணி 5 நிமிடம், கடைசி செட் 70-68. ஸ்கோர் பலகை 47-47க்கு மேல் எண்ணத் தெரியாமல் நின்றே போனது. வெளிச்சுவரில் அதற்கு ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். சித்தப்பா அதை விரலால் தடவித் தடவி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. இஸ்னரைவிட மாஹூவைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு நேரம் இரண்டாவதாக சர்வ் போட்டவர் அவர்தான், ஒவ்வொரு தடவையும் தோல்வியின் விளிம்பில் நின்று சர்வ் போட வேண்டும், அப்படி அறுபதுக்கும் மேற்பட்ட தடவை தப்பித்திருக்கிறார் என்று.

சரி, மேட்டுக்கு வருகிறேன். முதலாம் கோர்ட்டை ஒட்டிய புல் சரிவு, பெரிய திரை எதிரே. ஹென்மன் காலத்தில் ஹென்மன் ஹில், அப்புறம் மர்ரி மவுண்ட், அதன் உண்மையான பெயர் அவோராங்கி டெரஸ் என்பது பலருக்கு நினைவிருக்காது. ஐந்து மணிக்கே இடம் பிடித்துவிட்டோம், ஏனென்றால் அன்று ஜூலை 4, சென்டர் கோர்ட்டில் பிரிட்டனின் ஆண்டி மர்ரி அண்ணன் ஜேமியோடு இரட்டையர் ஆடுகிறார். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒற்றையர் ஆட்டத்தில் இருந்து இரண்டு நாள் முன்புதான் விலகியிருந்தார். அண்ணனும் தம்பியும் விம்பிள்டன் போட்டியில் சேர்ந்து ஆடியது அதுவே முதல் தடவை.

அவர் ஓடும் விதத்தைப் பார்த்தே மேடு அமைதியாகிவிட்டது. பக்கவாட்டில் போகும் பந்துக்கு ஒரு அடி வைப்பார், அடுத்த அடி வராது. 2013ல் இதே மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைச் சுற்றி நிறைய இருந்தார்கள். அந்த வருட இறுதி ஆட்டத்தின் கடைசி கேமில் மர்ரிக்கு 40-0 என்று மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், மூன்றும் போய், ஜோகோவிச் பிரேக் பாயிண்ட் வரை வந்து, பிறகு முடித்தாரே, 77 வருடம் கழித்து பிரிட்டனுக்குக் கிடைத்த ஆண்கள் ஒற்றையர் பட்டம். அப்படி ஓடினவர் இப்போது சர்வ் போட்டுவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். முதல் செட் டை பிரேக்கில் போனது, இரண்டாவது 6-4. முடிந்துவிட்டது.

யாரும் எழுந்து போகவில்லை. முன்பு டிவியில் விம்பிள்டனைத் தொகுத்து வழங்கிய சூ பார்க்கர் திரையில் மைக்கோடு உள்ளே வந்ததும், மர்ரிக்குப் பிரியாவிடை நடக்கப் போகிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஜோகோவிச், ஷ்வியான்டெக், மெக்கன்ரோ எல்லோரும் கோர்ட்டின் ஓரத்தில் வந்து நின்றார்கள். மர்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டால் என்றென்றைக்கும் ஆடிக்கொண்டே இருப்பேன், ஆனால் முடியவில்லை என்கிற மாதிரி பேசினார். எங்கள் முன்னால் ஒரு பையன், பத்து வயது இருக்கும், தோளில் கொடியைப் போர்த்திக்கொண்டு அழுதான், அவனுடைய அப்பா திரையைப் பார்த்தபடியே அவன் தலையில் கை வைத்திருந்தார். அவர் கண்ணும் காயவில்லை. சனிக்கிழமை எம்மா ராடுகானுவோடு ஆட இருந்த கலப்பு இரட்டையர் ஆட்டமும் கடைசியில் நடக்கவில்லை, ஆக விம்பிள்டனில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தோம், அவர் அந்தப் பக்கம் இருந்தார். கை தட்டும் சத்தம் சென்டர் கோர்ட்டில் இருந்து நேராக ஒரு தடவையும், திரை வழியாகக் கொஞ்சம் தாமதமாக இன்னொரு தடவையும் எங்களுக்குக் கேட்டது.

வரிசையை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் போனில் விற்கலாமே, எதற்கு மனிதர்களை ஈரப் புல்லில் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். வேலை இருப்பவர்களுக்கும், உடம்பு முடியாதவர்களுக்கும் வரிசை கஷ்டம்தான், அந்தக் குறை நியாயமானது. ஆனால் போனில் விற்றால் வேகமான விரலுக்கும் வேகமான இணைப்புக்கும்தான் டிக்கெட். எட்டு வயதில் கேட்ட ஒரு ஸ்கோரை அறுபது வருடம் சுமந்துகொண்டிருந்தவருக்கு அதில் இடமே இருந்திருக்காது. பக்கத்து டென்ட் அம்மாவையும் நாங்கள் சந்தித்திருக்க மாட்டோம். அவர் காலையில் பிரியும்போது, வரிசையில் நின்றவர்களுக்குத் தரும் ஸ்டிக்கரைத் தன் சட்டையில் இருந்து உரித்து சித்தப்பாவின் கோட்டில் ஒட்டிவிட்டுப் போனார்.

ராத்திரி நாங்கள் வெளியே வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு பார்க் ஓரமாக நடந்தபோது, மறுநாளுக்கான டென்டுகள் வரிசையாக நின்றிருந்தன, உள்ளே டார்ச் வெளிச்சம் அசைந்தது. கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூவர்டு புதிதாக வந்த இருவருக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா நின்று, அவர்களுடைய எண் என்ன என்று கேட்டுவரச் சொன்னார். போய்க் கேட்டு வந்து சொன்னேன். "நம்மைவிட முன்னால்தான் இருக்கிறார்கள், சென்டர் கோர்ட் கிடைக்கலாம்" என்றார்.