லின்க்ஸில் இணைப்பு விட்டு இணைப்புத் தாவினது

அப்டேட்டோடு வந்த புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துவராமல், டெபியன் லினக்ஸ் ஓடும் என் லப்டொப்பில் கறுப்புத் திரையும் லொகினும் மட்டும்தான் மிச்சம். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காட்டினேன். "விண்டோஸ் போட்டுத் தாறன் தம்பி, உள்ளுக்குள்ள இருக்கிறது ஒண்டும் மிஞ்சாது" என்றார். அடுத்த 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டேன்.

பழைய டிரைவர், பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் டெபியனின் ஸ்னப்ஷொட் களஞ்சியத்தில் இருந்தது. போனை வயரில் கொழுவி இன்டர்நெட் எடுத்தாயிற்று. உலாவ இருந்தது லின்க்ஸ் (Lynx) என்ற உலாவி மட்டுமே. 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, எழுத்தை மட்டும் காட்டுகிற அதே லின்க்ஸ்.

கூட வேலை செய்யும் அண்ணா ஒருவர் வட்ஸப்பில் சொல்லித்தந்தார்: "ஜே அடிச்சா கீழ, கே அடிச்சா மேல." ஜே அடித்தால் 'ஜம்ப் ஃபைல் இல்லை' என்று கீழே ஒரு வரி. கே அடித்தால் விசைகளின் பட்டியல் வந்து பக்கத்தையே மறைக்கிறது. அவருடைய மெஷினில் விஐ (vi) என்ற எடிட்டரின் விசைகளை லின்க்ஸில் இயக்கி வைத்திருக்கிறார். அதைச் சொல்லவில்லை, மனுசன்! சும்மா போட்ட லின்க்ஸில் கீழ் அம்பு அடுத்த இணைப்பு, மேல் அம்பு முந்தையது, வலது அம்பு உள்ளே போகும்.

இடது அம்புதான் வில்லன். பக்கத்து இணைப்புக்குப் போகும் என்று கை தன்பாட்டில் அழுத்தும். அது முந்தைய பக்கத்துக்கே தூக்கிப் போட்டுவிடும். தேடல் பெட்டிக்குள் நிற்கும்போது எழுத்து விசைகளும் கட்டளையாக வேலை செய்யாது, பெட்டிக்குள்ளேயே விழும். டேப்போ கீழ் அம்போ அடித்து வெளியே வந்துவிட்டுத்தான் மற்றது.

நீளப் பட்டியலில் ஒவ்வொன்றாக இறங்கினால் விடிந்துவிடும். / அடித்து, வேண்டிய பதிப்பு எண்ணைத் தட்டி எண்டர் கொடுங்கள். பிடித்தது வேண்டியது இல்லையென்றால் 'என்' (n) விசை அடுத்ததைப் பிடிக்கும்.

அதைவிட நல்ல வழி இணைப்புகளுக்கு இலக்கம் போடுவது. ஓ (o) அடித்து, விருப்பங்களில் கீபேட் மோடை 'லிங்ஸ் ஆர் நம்பர்ட்' என்று மாற்றி, மாற்றத்தை ஏற்கச் சொல்ல வேண்டும். பிறகு 47 அடித்து எண்டர் என்றால் 47ஆவது இணைப்பு திறக்கும். 47ஜி என்றால் திறக்காமல் அதன்மேல் போய் நிற்கும். மாற்றாமல் இலக்கம் அடிக்காதீர்கள். இலக்கங்கள் அம்புகளாக வேலை செய்யும் அமைப்பில் 4 என்பதே இடது அம்பு, திரும்ப முந்தைய பக்கம்தான்!

டிரைவர் கோப்பின் இணைப்பில் நின்று டி (d) அடித்தேன், 'சேவ் டு டிஸ்க்' இணைப்பில் எண்டர், பெயருக்கு இன்னொரு எண்டர். பழைய டிரைவரைப் போட்டு, அடுத்த அப்டேட் அதை மாற்றாதபடி ஹோல்டும் போட்டுவிட்டேன். படம் வந்துவிட்டது, கோப்புகளும் அப்படியே இருக்கின்றன.