கல்லாவில் குறைந்த 1,200 ரூபாய்

வேலூரில் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷம் கேஷியராக இருந்தேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அங்கே தங்குவார்கள்.

ஒரு நாள் ராத்திரி கல்லாவில் 1,200 ரூபாய் குறைந்தது. சாவி எடுக்கக் கல்லாப் பக்கம் வந்துபோகிற ரூம் பாய் மேல் முதலாளிக்குச் சந்தேகம். பெயர்தான் பாய், வயது அறுபதை நெருங்கிவிட்டது. சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் கழித்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். அறையைக் காலி செய்தவருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கில் எழுத மறந்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு கார்பன் தாளுக்கு அடியில் மடிந்து கிடந்தது. எடுத்தேன், கிழித்தேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

1853-இல் அமெரிக்கப் பாதிரிமார் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாகக் கிறிஸ்தவர்களான குடும்பம் எங்களுடையது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் தூக்கத்திலும் வரும். அதில் மன்னிப்புக் கேட்கிற வரி, மத்தேயு சுவிசேஷத்தில் ‘கடன்களை மன்னியும்’ என்றுதான் இருக்கிறது. கடன், வரவு, பாக்கி எல்லாம் தினமும் எழுதுகிற எனக்கு அது உறைக்க மூன்று வருஷம் ஆனது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சர்ச்சில் பைபிளின் 32-ஆம் சங்கீதம் வாசித்தார்கள். பாவத்தை அடக்கி வைத்த வரைக்கும் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறார் தாவீது. எனக்கு அந்தக் கார்பன் தாள் கண்ணில் வந்தது. முழங்காலில் நின்று, சபைக்குப் பொதுவான பாவ அறிக்கையை விட்டுவிட்டு, 1,200 ரூபாய் என்று தொகையோடு சொன்னேன். அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வீட்டுக்குப் போய் ஆறு தோசை சாப்பிட்டேன். “என்ன விசேஷம்?” என்றாள் மனைவி.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு கிடைக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஆனால் பைபிளில் வரி வசூலிக்கிற சகேயுவின் கதையில், இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறார். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்று அவன் சொல்வது அப்புறம்தான். அவனும் நம்ம ஜாதி, காசு எண்ணுகிறவன்.

பெரியவர் வேலையை விட்டு ஒடுகத்தூர் பக்கம் சொந்த ஊருக்கே போயிருந்தார். “இன்னா தம்பி, இவ்ளோ தூரம்?” என்று கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். எல்லாவற்றையும் சொல்லி 4,800 ரூபாயை நீட்டினேன். நிதானமாக எண்ணி 1,200 எடுத்துக்கொண்டு மீதியை என் பையிலேயே வைத்தார்.

“மொதலாளிகிட்ட சொல்லிட்டியா?”

சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

“அங்க என்னைத் திருடன்னுதான நெனச்சிட்டு கீறாங்க.”

மறுநாள் ஷிப்டுக்கு அரைமணி முன்னாலேயே போய், முதலாளி அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.