நாம் சிம்: இடிகல்லோடு ஒரு மாதம்

2024 மார்ச் 9, சனி, பாங்காக்

சுட்ட இறாலோ கணவாயோ எந்தத் தெருவோரக் கடையில் வாங்கினாலும் கூடவே ஒரு சிறு கிண்ணத்தில் வரும் பச்சைநிறக் காரச்சாற்றை வீட்டிலேயே செய்து பார்ப்பது என்று இன்று துணிந்தேன். தாய்லாந்துக்காரர்கள் அதை ‘நாம் சிம் சீஃபுட்’ என்கிறார்கள். நாம் என்றதும் நமக்கு நம்மைத்தான் நினைவு வரும். இங்கே அது தண்ணீர், சிம் என்றால் தோய்த்தல். பூண்டு, பச்சை மிளகாய், மீன்சாறு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை அனைத்தையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அரைத்ததில், நுரை கட்டி வெளிறிய ஒரு சட்னி கிடைத்தது. விதைகூட மிச்சமில்லாமல் மசிந்துவிட்டதால் காரம் நாக்கின் எல்லா மூலைகளுக்கும் சென்றது. மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எதிர்வீட்டு அம்மையாரை இந்த மாடியில் எல்லாரும் ‘பா’ என்றே அழைப்பார்கள்; நம் பெரியம்மா என்னும் முறைக்கு இணையான சொல் அது. மிச்சத்தைச் சுவைத்துப் பார்த்த பா கேட்ட முதல் கேள்வி, “வேர் எங்கே?” என்பதுதான். கொத்தமல்லிக் கட்டின் வேரை மண்ணோடு சேர்த்துக் குப்பையில் எறியும் வீட்டில் வளர்ந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்முடைய கருங்கல் இடிகல்லையும் அவரே இரவல் கொடுத்தார். சொன்புரி மாகாணத்தில் கடலோரமாக இருக்கும் ஆங் சிலா என்னும் ஊர் இத்தகைய கல்லுக்குப் பேர்போனது. பப்பாளிக்காய் சாலட்டான சோம்தாம் இடிப்பதற்கு இங்கே மண்ணுரல் வேறாக இருக்கிறது. அதில் மசாலா மசியாது, நசுங்கும்.

மார்ச் 16, சனி

காலையிலேயே க்ளோங் தோய் சந்தைக்குப் போய்விட்டேன். வேரோடு கட்டிய கொத்தமல்லி இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. எலுமிச்சைதான் விலை ஏறிக் கிடக்கிறது. கோடையில் காய்ப்பு குறைவதால் ஆண்டுதோறும் உள்ள கதை. மிளகாய்க்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பிரிக் கீ நூ, அதாவது எலிப்புழுக்கை மிளகாய். எங்கள் குமரி மாவட்டத்துக் காந்தாரியைப் போலச் சிறியது, அதைப் போலவே சுள்ளென்று ஏறுவது.

வேரைக் கத்தி முனையால் சுரண்டிக் கழுவினால் உள்ளே தந்த நிறம் தெரிகிறது. அதைப் பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை கல்லுப்போடு முதலில் இடிக்க வேண்டும். உப்பு மணலைப் போல உரசி நாரை அறுக்கிறது. வேர் விழுதானதும் பூண்டு, அதன் பிறகே மிளகாய். மிளகாயை மட்டும் மசிய விடக்கூடாது என்று பா இரண்டு முறை கையைப் பிடித்து நிறுத்தினார்: தோல் துணுக்காகவும் விதை முழுதாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். எலுமிச்சையையும் நம்மைப் போல நடுவில் வெட்டாமல், நடுத்தண்டை விட்டுவிட்டு நான்கு புறமும் சீவி எடுக்கிறார். தோலை நசுக்கிப் பிழிந்தால் கசப்பு இறங்கிவிடும் என்பதால் பிழிவதும் மென்மையாகத்தான்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்றையது கரண்டியில் நக்கியபோது அருமையாக இருந்தது, இறாலோடு சேர்ந்ததும் சப்பென்று போனது. இறாலுக்கு இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. அதன் முன் நிற்க வேண்டுமானால் சாறு தனியாகச் சுவைக்கும்போது முகத்தைச் சுளிக்க வைக்கும் அளவுக்குப் புளித்தாக வேண்டும். இனி ருசி பார்ப்பதெல்லாம் ஓர் இறால் துண்டை வைத்துக்கொண்டுதான்.

மார்ச் 18, திங்கள்

குளிர்பெட்டியில் வைத்த மிச்சம் புளிப்பில் ஊறிப் பாசி நிறமாகிவிட்டது. பூண்டு நெடி மட்டும் மேலெழுந்து நிற்கிறது. பா இடித்த விழுதைத் தனியே வைத்துக்கொண்டு, சாப்பிட உட்காரும்போது மட்டும் எலுமிச்சை பிழிவார்.

ஏப்ரல் 6, சனி

நான்கு பேருக்கு என் கணக்கு இப்போது இப்படி நிலைத்திருக்கிறது: வேர் 3, இங்குள்ள சின்னப் பூண்டுப் பல் 10, பச்சை மிளகாய் 12, இளகிய பனைவெல்லம் 1 மேசைக்கரண்டி, மீன்சாறு 3, எலுமிச்சைச் சாறு 4, கடைசியில் தூவப் பொடியாக அரிந்த கொத்தமல்லித் தண்டு. வெல்லத்தை மீன்சாற்றில் முழுவதும் கரைத்த பிறகே புளிப்பைச் சேர்க்கிறேன். மீன்சாறு என்பது நெத்திலியையும் உப்பையும் ஓராண்டுக்கு மேல் தொட்டியில் ஊறவைத்து வடித்தது. பாட்டிலைத் திறந்தால் எங்கள் ஊர்க் கருவாட்டுச் சந்தைதான். அதனால் தனி உப்பு, வேரை இடிக்கும் அந்தச் சிட்டிகைக்கு மேல் வேண்டியதில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

சொந்தமாக ஓர் இடிகல் வாங்கி, மூச்சு வாங்க மாடியேற்றி வந்தேன். இடிக்கும் சத்தம் தலைக்கு மேல் விழுவதாகக் கீழ்வீட்டில் முறையிட்டார்கள். அடியில் நான்காக மடித்த துண்டு வைத்திருக்கிறேன். இரவு 9 மணிக்குப் பிறகு இடிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.