சட்ட மரபும் பங்குச் சந்தையும்: ஒரு வினாவை இரண்டாம் முறை எழுதிய அனுபவம்

முதுகலைப் பொருளியலில் நிதியியல் தாளை நான் இரண்டு முறை எழுத நேர்ந்தது. சட்ட மரபு பங்குச் சந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறதா என்ற வினாவுக்கு, பொருளியலாளர் லா போர்ட்டாவும் அவருடன் மூவரும் 1998-இல் வெளியிட்ட முடிவை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வளரும் பொதுச் சட்ட மரபு பங்குதாரரை மேலாகக் காக்கிறது என்பதை, முதல் முறை மனப்பாடமாக எழுதினேன்: 49 நாடுகள், பங்குதாரர் உரிமைக்கு 6 வரை மதிப்பெண், ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு நாடுகளின் சராசரி 4, தொகுத்து இயற்றிய சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட பிரெஞ்சுக் குடிமைச் சட்ட மரபு நாடுகளின் சராசரி 2.33. எண்களில் பிழையில்லை, வினா ‘ஆராய்க’ என்று முடிந்ததைத்தான் நான் கவனிக்கவில்லை.

மறுமுறை, அந்த ஆறு மதிப்பெண்ணும் எவற்றுக்கு என்பதிலிருந்து தொடங்கினேன். அஞ்சல் வழி வாக்களிக்க முடியுமா, கூட்டத்துக்கு முன் பங்குகளை ஒப்படைத்து முடக்கிவைக்க வேண்டுமா என்பவை போன்ற எளிய கேள்விகளே அவை; அவற்றுக்கான விடையோ பெரும்பாலும் தீர்ப்புகளில் அன்றி, நாடாளுமன்றம் இயற்றிய நிறுவனச் சட்டத்தில் இருக்கிறது. தீர்ப்புவழிச் சட்டம் சிறு பங்குதாரருக்கு எப்போதும் துணைநின்றதுமில்லை. இங்கிலாந்தில் 1843-இல் ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் வழக்கில் வகுக்கப்பட்ட விதி, நிறுவனத்துக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு நிறுவனமே வழக்காட வேண்டும் என்று கூறி, தனிப் பங்குதாரரைப் பெரும்பாலும் நீதிமன்ற வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஒடுக்கப்படும் சிறுபான்மையினருக்கான நிவாரணம் பின்னாளில் இயற்றப்பட்ட சட்டங்கள் வழியே வந்தது. இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 397-ஆம் பிரிவு அவ்வகையைச் சேர்ந்தது.

எதிர்வாதத்துக்குப் பொருளியலாளர்கள் ரகுராம் ராஜனும் லூயிஜி சிங்கேல்ஸும் 2003-இல் எழுதிய கட்டுரையை நிதானமாகப் படியுங்கள். 1913-இல் பிரெஞ்சுப் பங்குச் சந்தையின் மதிப்பு அந்நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 78 விழுக்காடாகவும், அமெரிக்காவில் 39 விழுக்காடாகவும் இருந்தது. 1980-இல் பிரான்ஸ் 9, அமெரிக்கா 46. இடையில் பிரான்ஸ் தன் சட்ட மரபை மாற்றிக்கொள்ளவில்லையே, பின் சந்தை ஏன் சுருங்கியது? வணிகமும் மூலதனமும் எல்லை கடந்து புழங்காத காலங்களில், ஏற்கெனவே வேரூன்றிய தொழிலதிபர்களும் நிதி நிறுவனங்களும் புதிய போட்டியாளருக்குப் பணம் கிடைப்பதை விரும்புவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். இந்தக் கேள்வியை விடையின் முதல் பக்கத்திலேயே எழுப்பிவிட்டால், மற்றவை தாமாகவே வாதமாக அமைந்துவிடுகின்றன.

இந்தியாவைப் பொதுச் சட்ட மரபு நாடு என்று ஒரே வரியில் கடக்காமல், 1988-இல் தொடங்கப்பட்ட பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபிக்கு 1992-இல்தான் சட்டப்பூர்வ அதிகாரம் கிடைத்தது என்பதையும் சேர்க்கலாம்.

நேரமிருப்போர் சட்ட ஆய்வாளர் ஹோல்கர் ஸ்பாமன் 2010-இல் அதே ஆறு கேள்விகளுக்கும் அந்தந்த நாட்டு வழக்கறிஞர்களின் உதவியுடன் மீண்டும் மதிப்பெண் இட்டதைப் பார்க்கவும். அதில் இரு மரபுகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு நிலைக்கவில்லை. அதைப் படித்தபின், 4, 2.33 என்ற எண்களை ‘1998-ஆம் ஆண்டு ஆய்வின்படி’ என்ற சொற்களின்றி எழுத எனக்குக் கைவரவில்லை.