துடைக்கிறதுக்கு முதல் ஒரு படம் எடுங்கோ

லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் இருப்பது ஒரு ஹவுசிங் அசோசியேஷன் (இலாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனம்) வீட்டில். மகனுடைய அறை யன்னல் மூலையில் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கிய பூஞ்சணத்தை இரண்டு குளிர்காலம், சனிக்கிழமை தோறும் பிளீச் போட்டுத் துடைத்தேன். 2023 பெப்ரவரியில் ஒருநாள் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்பலகை முழுக்கக் கறுப்பு. அடியில் வைத்திருந்த அவனுடைய பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள்ளும் பச்சையாகப் படர்ந்திருந்தது. அவனுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குளிருக்குள் முட்டு (மூச்சிழுப்பு) வந்து இரண்டு தரம் இரவிரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தோம்.

அசோசியேஷனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பார்க்க ஆள் வருகிறார் என்றதும், வீட்டுக்கு ஆட்கள் வந்தால் துப்பரவாக்கி வைக்கிற பழக்கத்தில், முதல்நாள் இரவே சுவரைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டேன். வந்தவர் ஐந்து நிமிடம் நின்றார். "கறி நிறையச் சமைப்பீர்களா? உடுப்பை உள்ளேயா காயப்போடுகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு வந்த கடிதத்தில், ஈரம் எங்கள் வாழ்க்கை முறையால் வருகிறது, யன்னலைத் திறந்து வையுங்கள் என்று இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

பிறகுதான் வட இங்கிலாந்தின் ரோச்டேலில் இறந்த ஒரு குழந்தையைப் பற்றி வாசித்தேன். 2 வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்துக்குள் நெடுநாள் இருந்ததால் வந்த சுவாச நோய்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். வீட்டு நிறுவனத்தார் மேலே பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சூடானில் இருந்து வந்த அந்தக் குடும்பம் குளிக்கிற விதத்தைக்கூடக் காரணமாக எண்ணியிருக்கிறார்கள். எங்கள் கறிச்சட்டியைக் கேட்டது ஞாபகம் வந்தது. அடுத்த கிழமையே இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன்.

சட்டத்தரணி முதலில் கேட்டது, "எந்தத் திகதியில் எழுத்தில் சொன்னீர்கள்?" என்றுதான். வீட்டுக்குள் இருக்கிற பழுதென்றால், வீட்டுக்காரருக்குத் தெரியவந்த நாளில் இருந்துதான் பொதுவாக அவர்களுடைய பொறுப்பு தொடங்கும். நானோ பெரும்பாலும் போனில்தான் சொல்லியிருந்தேன். அதற்கும் வழி இருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் குறிப்புகளைக் கேட்டு எழுதலாம். காசு இல்லை, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். என்னுடைய போன் அழைப்புகள் திகதியோடு அதில் இருந்தன. கூடவே 2021இல் அவர்களுடைய ஒப்பந்தக்காரரே எழுதிய ஒரு வரியும் இருந்தது: வெளிப்பீலி (கூரைத் தண்ணீர் ஓடும் குழாய்) வெடித்திருக்கிறது, மாற்றவேண்டும். கறியும் இல்லை, உடுப்பும் இல்லை!

வீட்டுக்காரர், வாடகைக்காரர் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சுவர், கூரை, பீலி எல்லாவற்றையும் திருத்துவதை வீட்டுக்காரர் தலையில் வைக்கிறது. உடைந்தது ஒன்றும் இல்லாவிட்டாலும், வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டையும் வைத்து, வழக்குக்கு முந்திய கோரிக்கைக் கடிதம் போனது. பதில் தர அவர்களுக்கு 20 வேலைநாள். இரு பக்கமும் ஒத்துக்கொண்ட சர்வேயர் ஒருவர் வந்தார். குளியலறைக் காற்றாடியை ஓடவிட்டு ஒரு டிஷ்யூத் தாளை அதில் வைத்தார். தாள் ஒட்டவில்லை, பொத்தென்று விழுந்தது. நான் தினமும் சுவிட்ச் போட்ட காற்றாடி ஒரு துளி ஈரத்தையும் வெளியே இழுக்கவில்லை.

வழக்கு நீதிமன்றம் போகாமலே முடிந்தது. பீலியும் காற்றாடியும் மாற்றினார்கள், சுவரைப் பிரித்துப் பூசினார்கள். கட்டின வாடகையில் ஒரு பங்கும், எறிந்த மெத்தைக்கும் உடுப்புக்கும் காசும் தந்தார்கள். மெத்தைக்கு ரசீது இருந்தது, உடுப்புக்குப் படம் மட்டும்தான். மகனுடைய நோய்க்கான இழப்பீடு வேறு விஷயம். பூஞ்சணத்தால்தான் முட்டு கூடியது என்று மருத்துவ நிபுணர் எழுதவேண்டும். பெரியவர்களுக்கு இதற்குப் பொதுவாக 3 வருட எல்லை. பிள்ளைக்கு அது 18 வயதில்தான் ஓடத் தொடங்கும். அதனால் அவனுடைய உரிமையை இந்தத் தீர்வுக்குள் கலக்கவிடவில்லை.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். நிலுவை விழுந்தால் வீட்டை விட்டு எழுப்ப அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும். வழக்குப் போட்டுத் தருகிறோம் என்று கதவைத் தட்டி, டாப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறவர்களிடமும் கவனம். எங்கள் கட்டடத்துக்கும் வந்தார்கள். எந்தச் சட்ட நிறுவனம் என்று கேட்டால் பதில் இல்லை. வழக்கு வேண்டாம் என்றால், வீட்டு நிறுவனத்திடம் கொடுக்கும் முறைப்பாட்டின் இரண்டு கட்டமும் முடிந்தபின் ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் (வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலை அமைப்பு) இலவசமாகப் போகலாம். தனியார் வீட்டில் இருப்பவர்கள் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

2025 ஒக்டோபர் 27 முதல் அந்தக் குழந்தை அவாப்பின் பெயரிலேயே விதி நடைமுறையில் இருக்கிறது. சமூக வீடுகளில் (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள்) ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளுக்குள் வந்து ஆராயவேண்டும், ஆராய்ந்து முடிந்து 5 வேலைநாளுக்குள் ஆபத்தை நீக்கவேண்டும். உடனடி ஆபத்தென்றால் 24 மணித்தியாலம்.

போன நவம்பரில் கீழ்வீட்டுத் தங்கச்சி பிளீச் கேட்டு மேலே வந்தாள். நான் பூஞ்சணத்தின் அளவு படத்தில் தெரிய அடிமட்டத்தை (அளவுகோலை) எடுத்துக்கொண்டு அவளோடு இறங்கிப் போனேன். சுவரில் அதை வைத்துப் படம் எடுத்து, அங்கேயே நின்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் போத்தலைக் கொடுத்தேன்.