5432-க்கும் 5433-க்கும் நடுவே மூன்று இரவுகள்

ஒரு மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். சொந்த உபயோகத்துக்கு எழுதி வைத்திருந்த சின்னச் செயலி ஒன்றின் டேட்டாபேஸ் என் லேப்டாப்பில் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வருக்கு மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவி, டேட்டாவை ஏற்றி, லேப்டாப்பிலிருந்து இணைத்தால் முடிந்தது. நிறுவியதும் ஏற்றியதும் உண்மையிலேயே அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. இணைப்பதற்குத்தான் மூன்று இரவுகள் ஆயின.

முதல் இரவு முழுக்க 'டைம்ட் அவுட்'தான், பதில் வராமலே நேரம் கடந்துவிட்டது என்ற எர்ரர். கட்டளையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால் கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இருக்காது. லினக்ஸ், முதல் பாக்கெட்டுக்கு, அதாவது வலையமைப்பில் அனுப்பும் தரவுத் துண்டுக்கு, பதில் வராவிட்டால் உடனே கைவிடாது. இயல்பான அமைப்பில் இன்னும் 6 முறை அனுப்பிப் பார்க்கும். அது முடிய இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அந்த இரண்டு நிமிடம் சும்மா இருக்க எனக்குப் பொறுமை இல்லை. இன்னொரு டெர்மினலைத் திறந்து எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தேன். போஸ்ட்கிரெஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி, உள்ளே வருவதை வடிகட்டும் ஃபயர்வாலில் ஒரு விதி, நடுவில் ஒரு ரீஸ்டார்ட். நள்ளிரவில் எதை மாற்றினேன், எதைப் பழையபடி திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். சர்வர் வேலையிலேயே ஊறியவர்.

"எர்ரர் என்ன வருது?"

"கனெக்ட் ஆகவே மாட்டேங்குதுங்க."

"அது எர்ரர் இல்லைங்க, புலம்பல். திரையில இருக்கிற வரியை அப்படியே வாசிங்க."

வாசித்தேன். "டைம்ட் அவுட்டா? அப்ப போஸ்ட்கிரெஸை ஏன் நோண்டிட்டு இருக்கீங்க? பாக்கெட் அது வரைக்கும் போகவே இல்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விஷயம் எனக்குத் தெரியாததல்ல. சர்வர் வரை பாக்கெட் போய், நாம் தட்டிய போர்ட்டில், அதாவது ஒரு நிரலுக்கான எண்ணிட்ட வாசலில், கேட்பதற்கு யாரும் இல்லை என்றால் சர்வரின் கர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையமே, 'இங்கே யாருமில்லை' என்று பதில் அனுப்பிவிடும். அதுதான் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', சட்டென்று வந்துவிடும். பதிலே இல்லாமல் காத்திருக்க வைத்தால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பாடமாகத் தெரிந்ததுதான், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஞாபகத்துக்கு வருவதில்லை.

சரி என்று, வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையைச் சர்வரில் ஓடவிட்டு, லேப்டாப்பிலிருந்து போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்டான 5432-ஐத் தட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. அப்படியானால் பாக்கெட் சர்வரின் வாசலையே தொடவில்லை. வாடகைச் சர்வர்களுக்குப் பெரும்பாலும் வாடகைக்குத் தருபவரின் இணையப் பக்கத்தில் தனியாக ஒரு ஃபயர்வால் பட்டியல் இருக்கும், இயந்திரத்துக்கு வெளியே. அங்கே, தொலைவிலிருந்து பாதுகாப்பாகச் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் போர்ட்டான 22 மட்டும்தான் திறந்திருந்தது. 5432-ஐ என் ஐபிக்கு, அதாவது என் இணைய முகவரிக்கு, மட்டும் திறந்துவிட்டு மறுபடி தட்டினேன். இப்போது டிசிபிடம்ப்பில் பாக்கெட் வருவது தெரிகிறது, பதில் போவதுதான் இல்லை. உள்ளே இருக்கும் ஃபயர்வால் வடிகட்டுவதற்கு முன்பே உள்வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்த்துவிடும். ஆகவே இது இரண்டாவது ஃபயர்வால், அதாவது யுஎஃப்டபிள்யூ. முந்தைய இரவு அதைத் திறந்ததாகத்தான் ஞாபகம். நடுவில் எப்போதோ பழையபடி மாற்றியிருக்கிறேன்.

அதையும் திறந்ததும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தது. ஒரு எர்ரரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே இயந்திரத்துக்குள், மட்டும்தான் கேட்கும், வெளியிலிருந்து வருபவர்களுக்குக் காது கொடுக்காது. அதற்காக 'லிசன் அட்ரஸஸ்' என்ற அமைப்பை முதல் நாளே, எல்லா முகவரிகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கு மாற்றியிருந்தேன். கோப்பைத் திறந்து பார்த்தேன், மாற்றம் அப்படியே இருந்தது. ஒருவேளை ரீலோடு மட்டும், அதாவது நிறுத்தாமல் கோப்பை மறுபடி வாசிக்க மட்டும், செய்திருப்பேனோ? இந்த அமைப்புக்கு ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ரீஸ்டார்ட் செய்தேன். ரெஃப்யூஸ்டு. லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியிடம் நிலைமையைக் கேட்டால் 'ஆக்டிவ்' என்று பச்சையில் காட்டி, பக்கத்திலேயே 'எக்ஸிட்டட்' என்கிறது. ஓடுகிறதா, செத்துவிட்டதா? டெபியன் வகை லினக்ஸ் சர்வர்களில் நான் கேட்ட சர்வீஸ் பெயர் வெறும் குடைதான், நிஜமான சர்வீஸ் பதிப்பு எண்ணோடு வேறு பெயரில் ஓடும் என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒரு மணி நேரம் போனது.

கடைசியில் காப்பாற்றியது 'எஸ்எஸ்' என்ற இரண்டெழுத்துக் கட்டளை. எந்தெந்த நிரல் எந்தெந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். அதில் போஸ்ட்கிரெஸ் இரண்டு வரிகளில் இருந்தது. ஒன்று 127.0.0.1:5432, லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும். இன்னொன்று 0.0.0.0:5433, எல்லா முகவரிகளிலும்.

ஒரே சர்வரில் இரண்டு போஸ்ட்கிரெஸ்! அந்த இயந்திரத்தை நான் ஏற்கெனவே வேறு ஒரு சோதனைக்குப் பயன்படுத்தியிருந்தேன், அப்போது நிறுவிய பழைய பதிப்பு அதில் அப்படியே இருந்திருக்கிறது. டெபியன் முறையில் புதிய பதிப்பை நிறுவினால் அது பழையதைத் தொந்தரவு செய்யாது, 5432 ஏற்கெனவே போய்விட்டதால் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். நான் புதியதன் கான்ஃபிக் கோப்பைத் திருத்திவிட்டுப் பழையதன் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். 'பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்' என்ற கட்டளையை முதலிலேயே அடித்திருந்தால் இரண்டையும் போர்ட்டோடு காட்டியிருக்கும். நல்ல வேளையாக டேட்டாவைப் புதியதில்தான் ஏற்றியிருந்தேன். ஏற்றும்போது போர்ட் எண்ணைக் கேட்டதும் யோசிக்காமல் 5433 என்று அடித்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. கை அறிந்திருக்கிறது, மூளைதான் அறியவில்லை.

இரண்டு ஃபயர்வால்களிலும் 5433-ஐத் திறந்த பிறகு வந்த எர்ரர்கள் எல்லாமே போஸ்ட்கிரெஸே வாய் திறந்து சொல்பவை. அவை எளிது. 'உன் ஐபிக்கு ஹெச்பிஏ கோப்பில் வரி இல்லை' என்றது. யார் எங்கிருந்து நுழையலாம் என்ற பட்டியல்தான் அந்தக் கோப்பு. வரும் ஐபியையும் யூசரையும் டேட்டாபேஸையும் அந்தச் செய்தியிலேயே தந்துவிடும், அப்படியே எடுத்து ஒரு வரி எழுதி ரீலோடு செய்தால் போதும், இதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை. அடுத்து, டேட்டாவை ஜன்னலில் பார்க்க வைத்திருந்த ஒரு பழைய மென்பொருள் 'ஆதென்டிகேஷன் மெத்தட் 10 ஆதரவில்லை' என்றது. அந்த 10 பதிப்பு எண் அல்ல. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஸ்கிராம் முறைக்காகச் சர்வர் அனுப்பும் குறியீட்டு எண். ஸ்கிராம் போஸ்ட்கிரெஸ் 10-இல் வந்தது, 14-இலிருந்து அதுவே இயல்பு. மென்பொருள்களுக்குள் இருக்கும் பழைய நிரல் நூலகங்களுக்கு அது புரியாது. இணையத்தில் பலர் சர்வரில் எம்டி5 என்ற பழைய முறைக்குத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பழைய மென்பொருளுக்காகச் சர்வரின் பூட்டை ஏன் பலவீனமாக்க வேண்டும்? மென்பொருளைப் புதுப்பித்தேன், வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் மறுபடி டைம்ட் அவுட். இந்த முறை பதறவில்லை. எந்த ஃபயர்வால் என்று பார்த்தால் என் வீட்டு இணைய இணைப்பின் ஐபி மாறியிருந்தது. தினமும் யார் இதைத் திருத்திக்கொண்டிருப்பது என்ற எரிச்சலில் எல்லா ஐபிகளுக்கும் திறந்துவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உண்மையான முட்டாள்தனம் அதுதான். சாயங்காலம் தற்செயலாகச் சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்தால், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஐபிகளிலிருந்து 'போஸ்ட்கிரெஸ்', 'அட்மின்' என்ற பெயர்களில் வரிசையாகப் பாஸ்வேர்ட் முயற்சிகள். என் சர்வர் முகவரியை நான் யாருக்கும் சொன்னதில்லை. திறந்திருக்கும் போர்ட்டைத் தேடிக்கொண்டு எந்நேரமும் நிரல்கள் அலைகின்றன, அவற்றுக்கு முகவரி சொல்ல வேண்டியதில்லை.

அன்றே இரண்டு ஃபயர்வால்களிலும் அந்தப் போர்ட்டுகளை மூடி, 'லிசன் அட்ரஸஸை'யும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கே திருப்பிவிட்டு, எஸ்எஸ்ஹெச் டன்னலுக்கு மாறினேன். லேப்டாப்பின் 5432-ஐச் சர்வருக்குள் இருக்கும் 5433-உடன் எஸ்எஸ்ஹெச் வழியாக இணைப்பது. வெளியே 22 மட்டும் திறந்திருந்தால் போதும்.

டன்னல் போட்டேன். இணைத்தேன். முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டது. டேபிள்கள் இருக்கின்றன, டேட்டா இருக்கிறது, எர்ரர் ஒன்றும் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் செயலியில் ஒரு பதிவைச் சேர்த்துவிட்டுச் சர்வரில் போய்த் தேடினால் அது இல்லை. பத்து நிமிடம் வெறித்துப் பார்த்தேன். சந்தேகத்தில் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்த்தேன், சர்வரில் இருக்கும் பதிப்பு அல்ல. என் லேப்டாப்பிலேயே பழைய போஸ்ட்கிரெஸ் இன்னும் 5432-இல் உட்கார்ந்திருக்கிறது! அந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்ததால் டன்னல் அமையவே இல்லை. எஸ்எஸ்ஹெச் அதை ஒரு வரியில் சொல்லியிருக்கிறது, ஆனால் சொல்லிவிட்டு வழக்கம்போல் சர்வருக்குள் நுழைந்துவிட்டது. வரவேற்புச் செய்திகளின் கூட்டத்தில் அந்த வரியை நான் கவனிக்கவில்லை. யூசர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் பெயர் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே என்பதால் சந்தேகமும் வரவில்லை. பக்கத்து அறையைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு வெளிநாடு பேசியதாக நினைத்துக்கொண்ட கதைதான். மூன்று இரவுகளில் என்னை அதிகம் ஏமாற்றியது எர்ரரே வராத இந்த இணைப்புதான்.

அதற்கப்புறம் டன்னலுக்கு 15432 என்று யாரும் எடுத்திருக்க வாய்ப்பில்லாத எண்ணைக் கொடுத்தேன். கூடவே 'எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர்' என்ற அமைப்பையும் சேர்த்தேன். டன்னல் அமையாவிட்டால் எஸ்எஸ்ஹெச் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிடும்.

மிச்சம் இருந்தது டாக்கர், செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் மென்பொருள். என் செயலி அப்படியொரு கண்டெய்னருக்குள் ஓடுகிறது. கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான், என் லேப்டாப் அல்ல. இது எல்லோரும் ஒரு முறையாவது தடுக்கி விழும் கல், நான் விழுவது மூன்றாவது முறையோ என்னவோ. லேப்டாப்பைக் குறிக்க 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்ற பெயர் உண்டு. லினக்ஸின் டாக்கர் எஞ்சினில் அது தானாக வராது. டாக்கர் 20.10 பதிப்பிலிருந்து 'ஹோஸ்ட்-கேட்வே' என்ற சொல்லைக் கொடுத்து அந்தப் பெயரை நாமே சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தேன். உடனே ரெஃப்யூஸ்டு.

இந்த முறை கான்ஃபிக் எதையும் தொடாமல் நேராக எஸ்எஸ் கட்டளைக்குப் போனேன், லேப்டாப்பில். டன்னல் 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறது. கண்டெய்னரோ டாக்கரின் பாலம் வழியாக, அந்தப் பாலத்தில் லேப்டாப்புக்கு இருக்கும் முகவரியான 172.17.0.1-ஐத் தட்டுகிறது. அந்த முகவரியில் யாரும் இல்லை, அதனால் ரெஃப்யூஸ்டு. டன்னலை 172.17.0.1-இலேயே கேட்கும்படி மாற்றினேன். இப்போது டைம்ட் அவுட். சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப்பிலும் யுஎஃப்டபிள்யூ போட்டிருப்பது நான்தானே! கண்டெய்னர்களின் வலையமைப்பிலிருந்து 15432-க்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். முன்பு இரவுக்கணக்கில் நேரத்தைத் தின்ற அதே இரண்டு எர்ரர்கள், இந்த முறை பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இடையில் இன்னொரு சின்ன விஷயம். கண்டெய்னர் இல்லாமல் ஓடவிட்ட ஒரு நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) நிரல், லேப்டாப்பிலேயே ஓடும் வேறொரு சர்வரை அழைத்து, ::1 என்ற முகவரியில், அதாவது லோக்கல்ஹோஸ்ட்டின் ஐபிவி6 முகவரியில், ரெஃப்யூஸ்டு என்றது. நோட் 17-இலிருந்து பெயருக்கு இயங்குதளம் எந்த வரிசையில் முகவரி தருகிறதோ அதே வரிசையில்தான் எடுத்துக்கொள்கிறது, முன்பு போல ஐபிவி4 என்ற பழைய வகை முகவரியை முன்னால் நகர்த்துவதில்லை. அந்தச் சர்வரோ ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிய இடத்தில் 127.0.0.1 என்று எழுதினேன், தீர்ந்தது.

போன வாரம் சர்வரில் இருந்த பழைய போஸ்ட்கிரெஸை, ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு நீக்கிவிட்டேன். 5432 இப்போது காலியாகத்தான் இருக்கிறது. புதியதை அங்கே மாற்றிவிடலாமா என்று யோசித்து, கான்ஃபிக் கோப்பைத் திறந்து, கர்சரை அந்த எண்ணின் மேல் வைத்து, பிறகு சேமிக்காமலே மூடிவிட்டேன். அது 5433-இலேயே இருக்கட்டும்.