வால் மட்டும் மூன்று எம்பி: ஓர் அணில் கார்ட்டூனுக்கு வலைத்தளம் கட்டிய அனுபவம்

கார்ட்டூன் பாத்திரத்துக்குத் தளம் என்றதும் பலரும் ஓவியரிடம் பத்துப் படம் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தளத்தை ஆரம்பிக்கிறார்கள். அப்படிப் போனால் பாதிப் படத்தை மறுபடி வரைய வேண்டிவரும். எங்கள் பாத்திரம் முதுகில் மூன்று கோடு போட்ட அணில். அது கண் சிமிட்ட வேண்டும், கையாட்ட வேண்டும், பிரவுசர் டேபில் 16 பிக்சலுக்குச் சுருங்கினாலும் அணிலாகவே தெரிய வேண்டும். இதையெல்லாம் ஓவியர் மை போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

முதல் கேள்வி, எதில் வரைகிறார்? ஐபேடில் புரோகிரியேட் என்ற வரையும் செயலி என்றால் கிடைப்பது புள்ளிகளாலான பிக்சல் படம்; எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் படமான எஸ்விஜி வராது. பென்சில், வாட்டர்கலர் தோற்றத்துக்கு அதுவே நல்லது. ஆனால் தளத்தில் காட்டும் அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரையச் சொல்லுங்கள்: 600 பிக்சல் அகலத்தில் நிற்கப்போகும் படம் 1200-ல் வேண்டும். கேன்வாஸ் திறக்கும்போதே வண்ண அமைப்பு எஸ்ஆர்ஜிபி, அதாவது இணையத்தின் பொதுவான வண்ண வரம்பு. அதைவிட விரிந்த டிஸ்ப்ளே பி3-ல் வரைந்துவிட்டுப் பிறகு மாற்றினால் பளீரென்ற ஆரஞ்சும் பச்சையும் மங்கிவிடும். அச்சுக்கு வரைந்து பழகியவர் கை தானாக சிஎம்ஒய்கே என்ற அச்சு வண்ண முறைக்குப் போகும், அதையும் முதல் நாளே பாருங்கள். அசைய வேண்டிய படங்கள் மட்டும் இல்லஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ வெக்டராக இருக்கட்டும்.

பணம் கொடுத்தாயிற்று, படம் நம்முடையது என்று நினைத்துவிடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு. எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இணையதளமோ உலகமெங்கும் திறக்கும். ஆகவே இரண்டையும் எழுதுங்கள். பொம்மை, டி-ஷர்ட் போடும் உரிமையைத் தனியாகப் பேசுவதுதான் ஓவியருக்கும் நியாயம். அவர் பெயர் தளத்தின் அடியில் எல்லாப் பக்கத்திலும் வர வேண்டும்; அதில் எங்களுக்கு மறுபேச்சே இல்லை.

ரஃப், பென்சில், மை, வண்ணம் என்று நான்கு கட்டம், கட்டத்துக்கு இரண்டு கரெக்‌ஷன். மை போட்ட பிறகு நிற்கும் விதத்தை மாற்றச் சொன்னால் அது புதுப் படம், புதுக் கூலி. பணத்தை அட்வான்ஸ் 30 சதவீதம், மை முடிந்ததும் 40, ஃபைல் கைக்கு வந்ததும் 30 என்று பிரித்தோம். வண்ண வேலைக்கு முன்பே முன், முக்கால், பக்கம், பின் என நான்கு கோணமும் எட்டு முகபாவமும் ஒரே தாளில் வாங்கிவிடுங்கள். பிறகு வரும் எந்தப் படத்திலும் காது பெரிதாகிவிட்டதா என்று அந்தத் தாளை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

இனி முக்கியமானது. அசையும் படத்துக்கு ஓவியரிடம் பாகம் பாகமாகக் கேட்க வேண்டும். கை மேலே போகும்போது அதன் பின்னால் இருக்கும் வயிறு தெரியும். அந்த இடத்துக்கும் வண்ணம் அடித்திருக்காவிட்டால் அங்கே ஓட்டை. தோளுக்குள் மறையும் கையின் நுனி முழு வட்டமாக இருக்க வேண்டும், நேராக வெட்டியிருந்தால் திரும்பும்போது வெள்ளை இடுக்கு விழும். மூட்டில் அவுட்லைன் கூடாது. கண்ணுக்கு முழு வெள்ளை, தனிக் கருவிழி, தோல் நிறத்தில் இமை என மூன்று லேயர். சிமிட்டல் 150 மில்லிசெகண்ட், நாலைந்து செகண்டுக்கு ஒருமுறை போதும்.

அப்படியும் முதல்முறை கையை அசைத்தபோது கை மட்டும் திரையின் மூலைக்குப் பறந்தது. எஸ்விஜி பாகங்கள் இயல்பில் படத்தின் இடது மேல் மூலையை அச்சாக வைத்துச் சுழலும். தளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்-ல் டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸை ஃபில்-பாக்ஸ் என்று வைத்து, சுழலும் அச்சான டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினைத் தோளில் நிறுத்தியதும் சரியாயிற்று. மூட்டு எங்கே என்று ஓவியரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தால் இந்த வேலை ஐந்து நிமிடம்.

வாலுக்கு வருவோம். மயிர் மயிராகத் தெரியும் பிரஷ்ஷில் அழகாக வரைந்திருந்தார். எக்ஸ்போர்ட் செய்ததும் ஒவ்வொரு மயிரும் தனித்தனி மூடிய வடிவமாக விரிந்து, வால் மட்டும் மூன்று எம்பி. சுருக்கிப் பார்த்தோம், விளிம்பு நொறுங்கியது. கடைசியில் ஒரே பெரிய வடிவம், ஓரத்தில் 14 கொத்து, உள்ளே மூன்று நிழல் என்று அவரே மறுபடி வரைந்தார். 40 கேபிக்குள் வந்தது, பார்க்கவும் முன்பைவிடத் துணிச்சலாக இருந்தது.

ஃபைலைச் சுருக்க எஸ்விஜிஓ நல்ல கருவிதான். ஆனால் அது நாம் பாகங்களுக்கு வைத்த ஐடி எனும் அடையாளப் பெயர்களைச் சுருக்கிவிடும், சமயத்தில் எடுத்தேவிடும், அசைவு நின்றுபோகும். அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் ஐடிக்கும் முன்னால் படத்தின் பெயரை ஒட்டுங்கள். இல்லையென்றால் ஒரே பக்கத்தில் ஒட்டிய இரண்டாவது அணில் முதல் அணிலின் வண்ணத்தை எடுத்துக்கொள்ளும்.

பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் தமிழைப் படமாக வாங்க வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வரும். யூனிகோடில் அடித்தாலும், இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்துகளைக் கோர்க்கும் வசதியில் இந்திய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். குமிழியை மட்டும் வரையச் சொல்லி, எழுத்தைத் தளத்தின் உரையாகவே வைத்தோம். எழுத்துரு பலூ தம்பி, இலவச உரிமம். வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்குக்குக் குறைந்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் இடிக்கும். 320 பிக்சல் அகலத்தில் ‘சொல்லிக்கொண்டிருக்கிறேன்’ என்று போட்டுப் பாருங்கள். அது குமிழிக்குள் அடங்கினால் மற்றவை அடங்கும்.

டேப் ஐகானுக்கு முகத்தைச் சுருக்கினால் பழுப்புக் கறைதான் மிச்சம். ஓவியர் முகத்தையே விட்டுவிட்டார். தலா 2 பிக்சலில் மூன்று வெள்ளைக் கோடு, இடையில் இரண்டிரண்டு பிக்சல், மொத்தம் 10 பிக்சல், சுற்றிலும் பழுப்பு. பார்த்தவுடன் அணிலின் முதுகு என்று தெரிந்தது! வாட்ஸ்அப்பில் பகிரும் முன்னோட்டத்துக்கு 1200-க்கு 630-ல் ஒரு தனிப் படம், பிஎன்ஜியாக அல்லது ஜேபெக்காக. அங்கே எஸ்விஜி செல்லாது.

டார்க் மோடில் கறுப்பு அவுட்லைன் பின்னணியோடு கரைந்துவிடும், ஸ்டிக்கர் போல 3 பிக்சல் வெளிர்க் கரை வாங்கி வையுங்கள். போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு அணில் அசையாமல் நிற்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது உண்மையான உதவி.

ஃபைல் பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் திறந்த படம் லினக்ஸ் சர்வரில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு கேபிடல் எழுத்துதான் காரணம். கடைசித் தொகையைக் கொடுக்கும் முன், லேயர் கலையாத மூல ஃபைல் வந்துவிட்டதா என்று திறந்தே பாருங்கள். அது இல்லாவிட்டால், பொங்கலுக்குக் கரும்பு பிடித்த அணில் வேண்டுமென்றால் கையை முதலிலிருந்து வரைய வேண்டும்.